பதினோரு மொட்டைப் படிப்பு

கொஞ்சம் குனிங்க சாமி. இன்னும் கொஞ்சம். போதும். தண்ணி சில்லுனு இருக்கா? இருக்கட்டும், முடி நல்லா ஊறினாத்தான் பிளேடு வழுக்கிட்டுப் போகும். புது பிளேடுதான், உங்க கண்ணு முன்னாடிதானே காகிதத்தைப் பிரிச்சேன். என் வாட்சு நனைஞ்சிரும்னு கழட்டி உங்க முழங்காலுக்குப் பக்கத்துல வெச்சிருக்கேன், காலை மட்டும் ஆட்டாதீங்க.

பத்து நாளுக்கு அப்புறம் நான் தொடற முதல் தலை உங்களுது. பத்து நாள் இந்த மொட்டைக் கொட்டகைப் பக்கமே வரக் கூடாதுன்னுட்டாங்க. கை நடுங்குமோன்னு பயப்படாதீங்க, இருபத்தாறு வருஷக் கை இது. தைப்பூசத்துல ஒரு நாளைக்கு நூறு தலை பார்த்த கை. ஏன் வரக் கூடாதுன்னாங்கன்னு நீங்க கேக்கல. பிளேடு காதுகிட்ட இருக்கும்போது யாரும் எதுவும் கேக்க மாட்டாங்க, நானே சொல்லிடறேன். ஒரு பக்தரைப் பாதி மொட்டையோட ஆட்டோவுல ஏத்தி என் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிட்டேன். அவ்வளவுதான் குத்தம். தப்பு என் மேலயா அவர் மேலயான்னு கேட்டுட்டு நீங்களே சொல்லுங்க.

ஒச்சப்பன் சார்னு பேரு. உசிலம்பட்டிப் பக்கம். ஒரு காலேஜுல தத்துவம் சொல்லிக் குடுத்து ரிட்டையர் ஆனவர். வருஷா வருஷம் பங்குனியில வருவார். சாமி மேல அவ்வளவு பக்தியான்னு முதல் வருஷமே கேட்டேன். எனக்கு இல்லப்பா, என் சம்சாரம் வேண்டிக்கிட்டா, அவ போயிட்டா, வேண்டுதல் மட்டும் நிக்குதுன்னார். அந்தப் பதில் எனக்குப் பிடிச்சுப் போச்சு. அவருக்கும் என் கை பிடிச்சுப் போச்சு. அதுக்கப்புறம் வேற ஆளுகிட்ட உக்கார மாட்டார். என் முன்னாடி இடம் காலியாகிற வரைக்கும் பின்னாடி நிக்கிறவங்களை எல்லாம் முன்னாடி அனுப்பிக்கிட்டே நிப்பார்.

உக்காந்ததும் பாடம் ஆரம்பிச்சிருவார். எல்லாம் ஒரே காலம், ஒரே சீமை. நூத்தைம்பது இருநூறு வருஷத்துக்கு முன்னாடி ஐரோப்பாவுல யார் யார் மண்டையில என்னென்ன உதிச்சதுன்னு. ஒரு மொட்டைக்குப் பத்து நிமிஷம், பத்து நிமிஷத்துக்கு ஒரு ஐடியா. நான் எட்டாவது பெயில் சாமி. ஆனா பதினோரு மொட்டை படிச்சிருக்கேன்.

முதல் வருஷம் லண்டன் வக்கீல் ஒருத்தர் கதை. எந்தக் காரியம் ஜாஸ்தி பேருக்கு ஜாஸ்தி சந்தோஷம் தருதோ அதுதான் நியாயம்னாராம். செத்த பிறகும் தன்னைப் புதைக்கக் கூடாதுன்னு எழுதி வெச்சு, இன்னிக்கும் ஒரு காலேஜுல சட்டை தொப்பியெல்லாம் போட்டுக்கிட்டுப் பெட்டியில உக்காந்திருக்காராம். அட, நல்ல நியாயமா இருக்கேன்னு நான் கொட்டகையில எடுத்துச் சொன்னேன். அப்ப இங்க ஒரே ஒரு ஃபேன். ஓட்டு எடுத்தாங்க. ஜாஸ்தி பேரு அந்தப் பக்கம்தான் உக்காந்திருந்தாங்க, ஃபேனை அந்தப் பக்கம் திருப்பிட்டாங்க. மூலையில நான் ஒருத்தன் வேர்த்துக்கிட்டே நியாயத்தை நினைச்சுக்கிட்டிருந்தேன். மூணாவது வருஷம் தாடிக்காரர் ஒருத்தர் கதை, உழைக்கிறவன் எல்லாம் ஒண்ணா நிக்கணும்னவர். நின்னோம். ரெண்டாவது ஃபேன் வந்துச்சு. நடுவுல ஒரு வருஷம் குரங்குக் கதை. அதுக்கப்புறம் மலையில குரங்கு பழத்தைப் பிடுங்கினா நான் கல்லெடுக்கறதில்ல, பங்காளின்னு விட்டுடறேன்.

இந்தப் பக்கம் திருப்புங்க. ஆங்.

பத்தாவது மொட்டைதான் வினை. போன பங்குனி. வியன்னாவுல ஒரு டாக்டர் இருந்தாராம். பள்ளிக்கூடத்துல படிக்கும்போதே கவனிச்சாராம், முட்டைக் கண்ணுப் பசங்களுக்கு எல்லாம் மனப்பாடம் நல்லா வருதுன்னு. அதைப் பிடிச்சுக்கிட்டு யோசிச்சு யோசிச்சு, மூளை ஒரே உருண்டை இல்ல, அதுல இருபத்தேழு அறை இருக்கு, ஒவ்வொரு அறைக்கும் ஒரு குணம், எந்தக் குணம் ஜாஸ்தியோ அந்த அறை பெருத்து மண்டையோட்டை வெளிய தள்ளும்னு சொல்லிட்டார். பின்மண்டை புடைச்சிருந்தா பிள்ளைப் பாசம். உச்சியில மேடு இருந்தா பக்தி. காதுக்கு மேல மேடு இருந்தா அடுத்தவன் பொருள் மேல ஆசை, அதாவது திருட்டு. ஐரோப்பாவே பைத்தியமா அலைஞ்சதாம். வேலைக்கு ஆள் எடுக்க மண்டையைத் தடவிப் பார்த்தாங்களாம். கல்யாணத்துக்கு முன்னாடி பொண்ணு மாப்பிள்ளை மண்டையைக் காட்டிப் பொருத்தம் கேட்டாங்களாம்.

எனக்கு உடம்பெல்லாம் புல்லரிச்சுப் போச்சு. அந்த டாக்டர் ஆயுசு முழுக்க எத்தனை மண்டையைப் பார்த்திருப்பார் சொல்லுங்க. அதுவும் முடியோட. நான் மூணு மாசத்துல அதைத் தாண்டிருவேன், அதுவும் வழிச்ச மண்டை. உலகத்துலயே இந்தச் சாஸ்திரத்துக்குத் தகுதியான ஆளு நான்தானேன்னு நினைச்சேன். அதுக்குள்ள தலை முடிஞ்சு போச்சு. சார் சந்தனத்தைப் பூசிக்கிட்டு, வரட்டுமான்னுட்டுப் போயிட்டார்.

அன்னியில இருந்து என் விரல் சும்மா இருக்கல. உச்சி மேடா இருந்தா, சாமிக்கு பக்தி ஜாஸ்தியோன்னு கேப்பேன். ஆமாம்பாங்க. மொட்டை போட வந்தவன் வேற என்ன சொல்லுவான்னு இப்ப தோணுது, அப்ப தோணல. பின்மண்டையைத் தடவி, பிள்ளைங்க மேல உசிரையே வெச்சிருக்கீங்கம்மான்னு ஒரு அம்மாகிட்ட சொன்னேன், அந்தம்மா பொலபொலன்னு அழுதுட்டாங்க. இதைவிட ருசு வேணுமா? ஆனி மாசம் வர்றதுக்குள்ள, மண்டை பார்க்கிற குழந்தைவேலு யாருன்னு கேட்டுக்கிட்டு வர ஆரம்பிச்சுட்டாங்க.

அந்தச் சமயம் பார்த்துத்தான் என் மக விஷயத்தை எடுத்தா.

எனக்கு ஒரே மக. மங்கையர்க்கரசி, அரசின்னு கூப்பிடுவேன். அவ அம்மா போய் ஒன்பது வருஷம் ஆச்சு, வீட்டுல நாங்க ரெண்டே பேர்தான். ஒட்டன்சத்திரத்துல ஒரு ஆஸ்பத்திரி லேப்ல ரத்தம் பார்க்கிற வேலை. அதே ஆஸ்பத்திரியில எக்ஸ்ரே எடுக்கிற பையன், பேரு கார்மேகம். ரெண்டு பேருக்கும் மனசு ஒத்துப்போச்சாம். குடும்பம் தெரிஞ்ச குடும்பம், பையன் மேல ஒரு சொல் கிடையாது, என்னப்பா சொல்றீங்கன்னா. சரிம்மா, மண்டையைப் பார்த்துட்டுச் சொல்றேன்னேன். அவ சிரிச்சா. நான் விளையாட்டுக்குச் சொல்றேன்னு நினைச்சுட்டா.

பையனுக்கு முடின்னா முடி, அப்படி ஒரு முடி. நெத்தியில விழறதை ஒதுக்கிவிட்டுக்கிட்டேதான் பேசுவான். அதுக்குள்ள என் விரல் எங்க போறது? முருகனுக்கு ஒரு மொட்டை போட்டா நல்லதுன்னு சொல்லி அனுப்பினேன். மறுபேச்சு இல்லாம வந்து உக்காந்தான் சாமி, இதோ நீங்க உக்காந்திருக்கிற பலகையிலதான். மாமா, நிதானமா எடுங்கன்னான். நிதானமாத்தான் எடுத்தேன். உச்சி பரவாயில்ல. பின்மண்டை நல்ல புடைப்பு, பேரப் பிள்ளைங்களைத் தாங்குவான்னு சந்தோஷப்பட்டேன். வலது காதுக்கு மேல வந்தேன். கொட்டைப்பாக்கு சைசுக்கு ஒரு மேடு.

இது எப்ப இருந்து தம்பின்னு கேட்டேன். எட்டு வயசுல கொய்யா மரத்துல இருந்து விழுந்தேன் மாமான்னான். யாரு வீட்டு மரம்னு கேட்டேன். பக்கத்து வீட்டு மரம் மாமான்னான்.

நீங்களே சொல்லுங்க. வியன்னாவுல இருந்த மனுஷன் சொன்னது ஒட்டன்சத்திரத்துல கொய்யா மரம் வரைக்கும் வந்து சரியா நிக்குதா இல்லையா?

சந்தனம் பூசி விட்டேன். தம்பி, மனசுல ஒண்ணும் வெச்சுக்காதே, இது சரிப்பட்டு வராதுன்னுட்டேன். ஏன்னு கேட்டான். காரணத்தைச் சொன்னேன். அது விழுந்த அடி மாமான்னு திரும்பவும் சொன்னான். மேடு இருக்கிறவன் எல்லாருக்கும் ஒரு காரணம் இருக்கும் தம்பின்னேன். மொட்டைத் தலையோட எழுந்து போனான். வெயில்ல போறான், தொப்பி கூடக் கொண்டு வரல. அதைப் பார்க்க எனக்கே ஒரு மாதிரிதான் இருந்துச்சு. ஆனா பொண்ணைப் பெத்தவன் பார்த்துப் பார்த்துத்தானே குடுக்கணும்.

அன்னிக்குச் சாயங்காலம் அரசி ஒரே ஒரு தடவைதான் பேசினா. "உங்க மொட்டைச் சாஸ்திரத்துக்கு அவர் தலையைக் குடுத்தாருப்பா. இதுக்கு மேல என்ன வேணும் உங்களுக்கு?" அவ்வளவுதான். அப்புறம் பேச்சை நிறுத்திட்டா. ஆனியில இருந்து பங்குனி வரைக்கும் ஒன்பது மாசம். சோறு போடுவா, குழம்பு ஊத்துவா, தட்டை எடுப்பா. வாயைத் திறக்க மாட்டா. என்னாலயும் இறங்கி வர முடியல. ரெண்டே பேர் இருக்கிற வீட்டுல ஒருத்தர் பேசலைன்னா சுவரு கூட முறைக்குது சாமி. சத்தியமா சொல்றேன், என் சம்சாரம் செத்தப்பகூட வீடு அவ்வளவு வெறிச்சோடிக் கிடக்கல.

நடுவுல பையன் ஒரு காரியம் பண்ணினான். தன் மண்டையைத் தானே எக்ஸ்ரே எடுத்து ஃபிலிமை அரசிகிட்டக் குடுத்து விட்டான். கூடவே ஒரு சீட்டு. மேடு எலும்புக்கு மேல இருக்கிற தடிப்புதான், உள்ள ஒண்ணும் இல்ல, பார்த்துக்குங்கன்னு. வெளிச்சத்துல பிடிச்சுப் பார்த்தேன். மண்டைக்குள்ள ஒண்ணும் இல்லைன்னு அவனே எழுதிக் குடுத்துட்டான், அப்புறம் நான் என்ன சொல்லன்னேன். அவ ஃபிலிமை வாங்கி ஜன்னல்ல கண்ணாடி உடைஞ்ச இடத்துல செருகிட்டா. தினம் காலையில வெயில் அடிக்கும், மாப்பிள்ளை மண்டை பல்லைக் காட்டிக்கிட்டு என்னைப் பார்க்கும். டீயைக் குடிச்சுக்கிட்டு நானும் அதைப் பார்ப்பேன்.

தீபாவளி அன்னிக்கு மட்டும், அம்மா இருந்தா பண்ணுவாங்கங்கிறதுக்காக, எனக்குத் தலையில எண்ணெய் வெச்சா. வெச்சவ கை நடுவுல டக்குனு நின்னுச்சு. திரும்பிப் பார்த்தா உதட்டுல லேசா ஒரு சிரிப்பு. கோபம் ஆறுதுன்னு நினைச்சுக்கிட்டேன்.

கழுத்தை நேரா வெச்சுக்குங்க. கொஞ்சம்தான் பாக்கி.

இந்தப் பங்குனிக்குச் சார் வந்தார். நான் தண்ணி தெளிச்சு, பாதித் தலை வழிச்சிருப்பேன். போன வருஷம் அந்த மண்டைக் கதையை எதுல விட்டேன்னார். கல்யாணப் பொருத்தம் பார்த்தாங்கன்னீங்க சார்னேன். ஆங், அதுக்கப்புறம் அது அத்தனையும் சுத்தப் புளுகுன்னு தெரிஞ்சு போச்சுப்பான்னார்.

சாமி, என் கை அப்படியே நின்னுருச்சு.

அவர் பாட்டுக்குச் சொல்லிக்கிட்டே போறார். பிரான்ஸ்ல ஒருத்தர் புறா மூளையை எல்லாம் துண்டு துண்டா எடுத்துச் சோதிச்சுப் பார்த்தாராம். அறையும் இல்ல, கிறையும் இல்லைன்னுட்டாராம். மேட்டுக்கும் குணத்துக்கும் சம்பந்தமே கிடையாதாம். இதை ஏன் சார் போன வருஷமே சொல்லலைன்னேன். தலை முடிஞ்சு போச்சேப்பான்னார். காலேஜுலயும் அப்படித்தானாம், மணி அடிச்சா எந்த இடத்துல இருக்கோமோ அதோட போயிருவாராம். பசங்க பரீட்சையில பாதிதான் எழுதுவாங்க, நானும் பாவம்னு மார்க்கு போட்டிருவேன்னு சிரிக்கிறார். எனக்கு வந்த ஆத்திரம் இருக்கே. பிளேடைக் கீழ வெச்சுட்டேன். "சார், நீங்க பாதிக் கதையைச் சொல்லிட்டுப் போனீங்க, என் மக ஒன்பது மாசமா என்கூடப் பேசல. மீதியை அவகிட்ட வந்து சொல்லுங்க. சொல்லி முடிக்கிற வரைக்கும் உங்க மீதித் தலை இப்படியேதான் இருக்கும்."

அப்பத்தான் சாருக்குச் சிரிப்பு நின்னுச்சு. என்னப்பா பண்ணினேன்னார். எல்லாத்தையும் சொன்னேன், கொய்யா வரைக்கும். தலை பாதி மொட்டை, பாதி முடி, சந்தனம் கூட இல்ல, அந்தக் கோலத்துல அமைதியா ஒண்ணு சொன்னார். "எங்க தாத்தா வாலிபத்துல தினம் பொழுது சாய்ஞ்சா போலீஸ் ஸ்டேஷன்ல போய்த்தான் படுக்கணும் குழந்தைவேலு. ஒண்ணும் திருடல. அவர் பிறந்த கூட்டமே பிறவித் திருடங்கன்னு வெள்ளைக்காரன் சட்டம் போட்டிருந்தான். மனுஷன் பிறக்கும்போதே அவன் உடம்புல குணத்தை எழுதி வெச்சிருக்குங்கிற அந்த எண்ணம் சீமையில இருந்து கப்பல் ஏறி நம்ம ஊருக்கும் வந்துச்சுப்பா. உன் கொட்டகை வரைக்கும் அதை நானே கொண்டாந்து விட்டுட்டேனே."

எனக்கு வெக்கமாப் போச்சு சாமி. வெயில்ல போன அந்த மொட்டைத் தலைதான் கண்ணுல நின்னுச்சு. ஆனா வெக்கம் வேற, கோபம் வேற. கிளம்புங்க சார்னு ஆட்டோவுல ஏத்திட்டேன். கொட்டகையே எழுந்து நின்னு பார்த்துச்சு. கோயில் சூப்பிரண்டு பின்னாடியே ஓடி வந்தார். வழியில ஒரு சின்னப் புள்ள சாரைப் பார்த்துட்டு ஐஸை நழுவ விட்டுருச்சு.

ஞாயித்துக்கிழமை, அரசி வீட்டுலதான் இருந்தா. கதவைத் திறந்தா. வாசல்ல நான், பக்கத்துல பாதி மொட்டை. என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தா. அப்புறம் சிரிச்சா பாருங்க. கதவைப் பிடிச்சுக்கிட்டு, வயித்தைப் பிடிச்சுக்கிட்டு, கண்ணுல தண்ணி வர வர. ஒன்பது மாசச் சிரிப்பை மொத்தமா சேர்த்து வெச்சிருந்த மாதிரி. சாரு கோவிச்சுக்கல, அவரும் தலையைத் தடவிப் பார்த்துட்டுச் சேர்ந்து சிரிச்சார்.

உள்ள வந்து உக்காந்து, டாக்டர் கதை, புறாக் கதை, தாத்தா கதை எல்லாத்தையும் ஒண்ணு விடாம அவகிட்டச் சொன்னார். ஜன்னல்ல ஃபிலிமைப் பார்த்துட்டு இது யாரு மண்டைம்மான்னார். சொன்னா. இந்த எக்ஸ்ரேவும் அதே நூற்றாண்டுச் சரக்குதாம்மா, கடைசியில கண்டுபிடிச்சது, மண்டையை வெளிய தடவின கட்சி, உள்ள பார்த்த கட்சி ரெண்டும் ஒரே வீட்டுல இருக்கேன்னு சாரு ஆச்சரியப்பட்டார். அரசி எல்லாத்தையும் கேட்டுக்கிட்டா. அப்புறம் சாரைப் பார்த்து, அப்பா தலையில வலது காதுக்கு மேல தொட்டுப் பாருங்க சார்னா.

சாரு தொட்டார். தொட்டவர் புருவம் மேல போச்சு. கொட்டைப்பாக்கு இல்லைம்மா, இது தேங்காய்க் கீத்துன்னார். நானும் தொட்டுப் பார்த்தேன். ஆமா சாமி. இருபத்தாறு வருஷமா ஊரார் மண்டையைத் தடவின கை, என் மண்டையைத் தடவிப் பார்க்கல. அடடே, இது தொழில் பழகும்போது எங்கப்பா குட்டின குட்டும்மான்னேன். "மேடு இருக்கிறவங்க எல்லாருக்கும் ஒரு காரணம் இருக்கும்ப்பா" ன்னா.

தீபாவளிக்கே தெரிஞ்சிருக்கு பாருங்க அவளுக்கு. ஏம்மா அன்னிக்கே சொல்லலைன்னு கேட்டேன். சொல்லியிருந்தா நீங்களும் திருடன்தான்னு முடிவு பண்ணி, ரெண்டு திருடன் ஒரு வீட்டுல ஆகாதுன்னுருப்பீங்கன்னா. அப்படிச் சொல்லியிருப்பேனான்னு யோசிச்சுப் பார்த்தேன். சொல்லியிருப்பேன்.

இன்னொண்ணும் சொன்னா. யாரு வீட்டு மரம்னு கேட்டப்ப, எங்க வீட்டு மரம்னு ஒரு பொய் சொல்லியிருந்தா அவர் தப்பிச்சிருப்பாருப்பா. உண்மையைச் சொல்லித்தான் திருடன் ஆனார்னா. அன்னிக்குச் சாயங்காலமே நானே அவன் வீட்டுக்கு நேர்ல போனேன். பையன் தலையில முடி மறுபடி அடர்த்தியா வளர்ந்திருந்துச்சு. தம்பி, மன்னிச்சுருன்னேன். உள்ள வாங்க மாமான்னு தட்டு நிறையக் கொய்யாப்பழம் வெட்டி வெச்சான். கடையில வாங்கினதுதான் மாமான்னு அவனே சொன்னான். குறும்பு பிடிச்ச பய. வைகாசி பன்னெண்டு கல்யாணம்.

சார் மீதித் தலையை எங்க வீட்டுக் குழாயடியிலதான் முடிச்சேன். அவசரமே படல. பழைய பாடம் அத்தனைக்கும் மீதியை வாங்கிக்கிட்டேன். எல்லாத்துக்கும் ஒரு மீதி இருக்கு சாமி. அந்த லண்டன் வக்கீலுக்கு அப்புறம் வந்தவங்க, சரி, மூலையில காத்து இல்லாம உக்காந்திருக்கிறவன் சந்தோஷத்துக்கு என்ன வழின்னு கேட்டுத்தான் இருக்காங்க. அது தெரியாம நான் ரெண்டு வருஷம் வேர்த்தேன். கோயில் ஆபீஸ்ல விளக்கம் கேட்டு எழுதினாங்க. பாதியில விட்டது நான் இல்ல, சார்தான்னு பதில் எழுதினேன். பத்து நாள் வீட்டுல இருன்னுட்டாங்க. இப்ப சொல்லுங்க, தப்பு யாரு மேல?

முடிஞ்சது. தலையைத் தூக்குங்க. நல்லா வந்திருக்கு, ஒரு கீறல் இல்ல. நான் இப்பல்லாம் மண்டையே பார்க்கறதில்ல சாமி. எல்லாம் புளுகு, மேட்டுக்கும் குணத்துக்கும் சம்பந்தமே கிடையாது. பிரான்ஸ்லயே சொல்லிட்டாங்க. உங்களுக்கும் வலது காதுக்கு மேல நல்ல பெருசாத்தான் இருக்கு, இருந்துட்டுப் போகுது. எங்கயாவது விழுந்திருப்பீங்க.

சந்தனம் அந்தக் கிண்ணத்துல இருக்கு, நல்லாப் பூசிக்கோங்க. கொஞ்சம் காலை எடுங்க சாமி, அந்த வாட்சை மட்டும் எடுத்துக் கையில மாட்டிக்கிறேன். ஒண்ணுமில்ல, நேரம் பார்க்கணும்.